ஸ்டீராய்டைக் குறைக்கும்போது வலிப்பது எது?
மூட்டுவாத மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களுள் பல, மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைப்பதைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடை தருகிறேன். பதில்களில் வரும் அளவுகள் புரிந்துகொள்வதற்காகச் சொல்லப்பட்டவை. உங்கள் மாத்திரையின் அளவை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 46, தையல் ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராமும், தினமும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராமும் எடுத்துவந்தேன். மருத்துவர் பிரட்னிசலோனை 7.5 ஆகவும், பிறகு 5 ஆகவும் குறைத்தார். 5 மில்லிகிராமுக்கு வந்த சில நாள்களிலேயே உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலி தொடங்கியது. விரல்களில் வீக்கம் இல்லை. ஆனால் தோளும் தொடையும் வலிக்கின்றன, சோர்வு தாங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. பொறுக்க முடியாமல் நானாகவே இரண்டு நாள் 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டேன், உடனே சரியாகிவிட்டது. அப்படியானால் நோய் திரும்பிவிட்டது என்றுதானே பொருள்?
– வாசகி, திருச்சி

பதில்: அப்படிப் பொருள் இல்லை. மாத்திரையைக் கூட்டியதும் வலி போய்விட்டது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஏனென்றால், இந்த நேரத்தில் வரக்கூடிய மூன்று வேறு வேறு வலிகளும் ஸ்டீராய்டுக்கு ஒரே மாதிரி அடங்கும். எது என்று பிரித்தறியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போனால், நீங்கள் என்றைக்குமே 10 மில்லிகிராமிலிருந்து இறங்க முடியாது.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகங்களின் தலைப்பகுதியில் அட்ரினல் என்ற இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளையிட, அவை கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. விடியற்காலையில் அதிகமாகவும் இரவில் மிகக் குறைவாகவும் சுரக்கும். ஒரு நாளில் உடல் தானே தயாரிக்கும் இந்தக் கார்டிசால், ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், பிட்யூட்டரி கட்டளையிடுவதை நிறுத்திவிடுகிறது. கட்டளை இல்லாத அட்ரினல் சுருங்கி, சோம்பிப்போகிறது. 10-இலிருந்து 7.5-க்கு வந்தபோது உங்களுக்கு எதுவும் தெரியாமல் போனதும், 5-க்கு வந்தவுடன் உடல் முறையிடத் தொடங்கியதும் இதனால்தான். அந்த எல்லைக்குக் கீழே இறங்கும்போது மீதியைச் சொந்தச் சுரப்பி ஈடுகட்ட வேண்டும்; அது விழித்தெழச் சில வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம், சிலருக்கு ஓராண்டைக்கூடத் தாண்டலாம்.

இப்போது மூன்று வலிகளுக்கு வருவோம். ஒன்று, நோய் மீண்டும் கிளம்புவதால் வரும் வலி. அது முன்பு நோய் இருந்த அதே மூட்டுகளில் வரும்; விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கித் தொட்டால் சூடாக இருக்கும்; காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரம் என்று நீளும்; இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டுமோ ஒன்றோ உயர்ந்திருக்கும். இரண்டாவது, ஸ்டீராய்டு விலகல் வலி. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இதனுடன்தான் பொருந்துகிறது: மூட்டைவிடத் தசையில் வலி, உடல் முழுவதும் பரவிய சோர்வு, தூக்கக் குறைவு, மனத்தளர்வு, அழுகை, ஆனால் வீக்கம் இல்லை. பல மாதங்களாக உயர்ந்த அளவுக்குப் பழகிய உடல், இயல்பான அளவையே பற்றாக்குறையாக உணர்கிற நிலை இது. உங்கள் அழுகைக்கு மனவலிமைக் குறைவு காரணமல்ல என்பதை வீட்டிலிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, அட்ரினல் உண்மையிலேயே போதுமான அளவு சுரக்காத நிலை. அதில் சோர்வோடு குமட்டல், பசியின்மை, எடை குறைதல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல் ஆகியவை சேர்ந்து வரும். இரத்த அழுத்தமும் சோடியமும் குறையலாம். இந்த மூன்றாவதை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உங்கள் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். நீங்களாக 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனெனில் அது தெரியாவிட்டால் அவர் எடுக்கும் முடிவு தவறாகப் போகும். மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, சிஆர்பி பார்த்த பின், விலகல் வலிதான் என்று தெரிந்தால், அதே 5 மில்லிகிராமில் சில வாரங்கள் நிற்கச் சொல்லலாம். தாங்கவே முடியாவிட்டால் கடைசியாகச் சௌகரியமாக இருந்த 7.5-க்கு ஏற்றி, பிறகு இன்னும் சிறிய படிகளாக இறக்கலாம். ஒரு நாள் 10, மறுநாள் 5 என்று வலியைப் பார்த்துப் பார்த்து மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. நோயே கிளம்பியிருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு விடை மெத்தோட்ரெக்சேட்டின் அளவைக் கூட்டுவதோ வேறொரு நோய்க்கட்டுப்பாட்டு மருந்தைச் சேர்ப்பதோ ஆகும். ஸ்டீராய்டை இறக்குவதற்கு முன் நோயைத் தாங்கிப் பிடிக்கும் வேறு மருந்து நிலைத்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் முழுமையாக வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சந்தேகம் நீடித்தால் காலைக் கார்டிசால் பரிசோதனை உதவும். காலை எட்டு, ஒன்பது மணி அளவில், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன், முந்தைய மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் பரிசோதனைக் கருவி பிரட்னிசலோனையே கார்டிசால் என்று எண்ணிவிடக்கூடும். ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது என்று கொள்ளலாம். 5-க்குக் கீழே இருந்தால் இன்னும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். இடைப்பட்டதென்றால் அதே அளவில் நின்று, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள்.

உங்கள் தொழிலே உங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல். காலையில் எழுந்து எத்தனை மணிக்குக் கத்தரியைத் தடையில்லாமல் மூடித் திறக்க முடிகிறது, ஊசியில் நூல் கோக்க விரல் ஒத்துழைக்கிறதா என்பதைத் தினமும் நாள்காட்டியில் ஒரு வரி எழுதிவாருங்கள். ‘ரொம்ப வலிக்கிறது’ என்ற சொல்லைவிட அந்த வரிகள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 71. இரு தோள்களும் இடுப்பும் இறுகி, படுக்கையில் புரளக்கூட முடியாமல் போனபோது, பாலிமயால்ஜியா ருமாட்டிக்கா என்று கண்டறிந்து பிரட்னிசலோன் 15 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூன்றே நாளில் மாடிப்படி ஏறினேன். ஆனால் ஓராண்டுக்கு மேல் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். என் தம்பிக்கு ஆஸ்துமாவுக்காக ஐந்து நாள் 40 மில்லிகிராம் கொடுத்து அப்படியே நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, அளவைவிடக் காலமே இங்கே முக்கியம். மூன்று, நான்கு வாரங்களுக்குள் முடியும் சிகிச்சையில் அளவு அதிகமாக இருந்தாலும் அட்ரினல் பெரும்பாலும் உறங்கிப்போவதில்லை. அதனால் உங்கள் தம்பிக்கு ஒரேயடியாக நிறுத்தியது சரியே. உங்கள் நோய்க்கோ அவசரப்படுவது ஆகாது. வேகமாக இறக்கினால் அது திரும்ப வரும். 2015-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 12.5 முதல் 25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் எட்டு வாரங்களில் 10-க்கு வந்து, அதன்பின் நான்கு வாரத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் இறக்க வேண்டும். கணக்குப் போட்டால் கடைசிப் பத்து மில்லிகிராமுக்கு மட்டுமே நாற்பது வாரங்கள், அதாவது ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகின்றன. 15-இலிருந்து 14-க்கு வருவது பதினைந்தில் ஒரு பங்கைக் குறைப்பது. 2-இலிருந்து 1-க்கு வருவது பாதியைக் குறைப்பது. கீழே வர வர நிதானம் கூடவேண்டும் என்பது இதனால்தான்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் 1 மில்லிகிராம் மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் 5, 10, 20, தேடினால் 2.5. அதனால் ஒரு நாள் 10, அடுத்த நாள் 7.5 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, சராசரியில் 1.25 மில்லிகிராம் மட்டும் இறக்கும் முறையை மருத்துவர்கள் கையாள்கிறார்கள். அந்த வழிகாட்டுதலும் இதை ஏற்கிறது. முன்பு நான் குறை சொன்ன மாற்றி மாற்றிப் போடுதல் இதுவல்ல. இது தேதி குறித்து எழுதிக்கொடுத்தபடி நடப்பது. குடலில் கரைவதற்காக மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரையாக இருந்தால் அதை உடைக்கக் கூடாது என்பதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் போடுங்கள். மாலையில் போட்டால் தூக்கம் கெடும்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லத்தான் வேண்டும். காலையில் போடும் பிரட்னிசலோன், பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு இறங்கும்போது, அதற்காகக் கூட்டிய இன்சுலினையோ மாத்திரையையோ இறக்காவிட்டால் தாழ்சர்க்கரை வரும். ஸ்டீராய்டைக் குறைப்பவர் ஒரு மருத்துவர், சர்க்கரையைப் பார்ப்பவர் இன்னொருவர் என்றால் இந்தத் தகவலை எடுத்துச்செல்லும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். உங்கள் நோயுள்ளவர்களில் சிலருக்கு, நெற்றிப்பொட்டிலும் தலையிலும் உள்ள தமனிகள் அழற்சியுறுவதும் உண்டு. புதிதாகத் தலைவலி, தலை சீவும்போது உச்சியில் வலி, மெல்லும்போது தாடை வலித்து நிறுத்த வேண்டிவருதல், கண் மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல் என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பார்வை போய்விட்டால் பெரும்பாலும் மீட்க முடியாது.

கேள்வி: 5 மில்லிகிராம் என்பது உடல் சுரக்கும் அளவுதான் என்றால், அதையே வாழ்நாள் முழுதும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன? எனக்கு வயது 58, முடக்கு வாதம். எலும்பு தேயும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: இந்தக் கேள்வி ஸ்டீராய்டைப் போலவே பழையது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்கு வாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு, பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்தால் முகம் ஊதுகிறது, மனநிலை மாறுகிறது என்ற இக்கட்டும் அந்த முதல் நோயாளிகளிடமே தெரிந்துவிட்டது. இன்றுவரை நாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிறிய அளவில் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 65 வயதுக்கு மேற்பட்ட முடக்கு வாத நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் 5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த குளோரியா என்ற ஐரோப்பிய ஆய்வு 2022-இல் வெளியானது. நோயும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. ஆனால் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு ஏதேனும் ஒன்று, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 49 சதவீதத்தினருக்கும், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கும் வந்தது. அவற்றுள் கூடுதலாக வந்தவை பெரும்பாலும் கடுமையற்ற தொற்றுகள். 2020-இல் வெளியான செமிரா ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. தொசிலிசுமாப் என்ற உயிரியல் மருந்தால் நோய் அடங்கியிருந்தவர்களிடம், 5 மில்லிகிராமைத் தொடர்ந்தவர்களில் 77 சதவீதத்தினர் நோய் அடங்கிய நிலையிலேயே இருந்தனர்; 16 வாரங்களில் முழுவதும் இறக்கியவர்களிலும் 65 சதவீதத்தினர் அப்படியே இருந்தனர். அதாவது, வேறு மருந்து நோயைப் பிடித்து வைத்திருந்தால், மூவரில் இருவருக்கு நெருக்கமானோர் ஸ்டீராய்டே இல்லாமல் இருக்க முடிகிறது. முயன்று பார்க்காமலேயே வாழ்நாள் மருந்தாக ஏற்றுக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. முறையாக முயன்று, இரண்டு முறையும் நோய் கிளம்பிய ஒருவர் 2.5 மில்லிகிராமிலோ 5 மில்லிகிராமிலோ நிற்பதைத் தோல்வி என்றும் நான் கருதவில்லை.

எலும்பைப் பற்றிப் பயமுறுத்துவதாகச் சொல்கிறீர்கள். அது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் மூன்று மாதங்களுக்கு அதிகமாக எடுக்கும் எவருக்கும் எலும்பு முறிவு ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்பது இப்போதைய நெறி. தேய்மானம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் மிக வேகம். மாதவிடாய் நின்ற பெண் என்பதால் உங்களுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் கட்டாயம் வேண்டும். ஒரு நாளுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து போதும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, இரண்டு டம்ளர் பாலும் தயிரும் சேர்ந்தால் பாதிக்கு மேல் உணவிலேயே வந்துவிடும். வைட்டமின் டி-யின் அளவைப் பரிசோதித்துக் குறை இருந்தால் ஈடுகட்ட வேண்டும். ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்து தேவைப்படும். கேழ்வரகுக் கூழ் அதற்கு மாற்றாகாது.

கேள்வி: என் அம்மா விவசாயக் கூலி வேலை செய்பவர். மூட்டு வலிக்காக இரண்டு ஆண்டுகளாக மெடிக்கல் கடையில் ‘செட் மாத்திரை’ வாங்கிச் சாப்பிட்டுவந்தார். முகம் உப்பியிருக்கிறது, கையில் தொட்டாலே கன்றிப்போகிறது. இது ஸ்டீராய்டு என்று யாரோ சொன்னதால் போன வாரம் முழுதாக நிறுத்திவிட்டோம். இப்போது சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். மாத்திரையின் விஷம் வெளியேறுவதால் இப்படியா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இதழ் வரும்வரை காத்திராமல் பதில் அனுப்பிவிட்டோம், இதே நிலையிலுள்ள மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். விஷம் எதுவும் வெளியேறவில்லை. வாந்தியும் தலைசுற்றலும், உடலில் கார்டிசால் இல்லாமல் போனதன் அடையாளங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, ‘இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவர், ஒரு வாரமாக நிறுத்திவிட்டார்’ என்ற வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கும் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்புநீர் டிரிப்பும் உயிரைக் காப்பவை. தாமதித்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

‘செட்’ என்பது நாலைந்து மாத்திரைகளைப் பட்டையிலிருந்து வெட்டி ஒரு காகித உறையில் போட்டுத் தருவது. நோயாளிகள் அதை என் மேசையில் கொட்டும்போது, பெயர் அச்சிட்ட பகுதி எந்தத் துண்டிலும் இருக்காது. அதில் ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, பெரும்பாலும் மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு வெள்ளை மாத்திரை இருக்கும். அந்தச் சின்ன மாத்திரை டெக்சாமெத்தசோனாகவோ பீட்டாமெத்தசோனாகவோ இருந்தால், அரை மில்லிகிராமே மூன்று, நான்கு மில்லிகிராம் பிரட்னிசலோனுக்கு ஈடு. உடலில் நெடுநேரம் தங்குவதால் அட்ரினலை இன்னும் ஆழமாக உறங்கவைக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. பெயரில்லாத பொடியும் லேகியமும் தின்று ‘மந்திரம் போட்டதுபோல்’ வலி போனது என்றால், அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகியுங்கள்.

அம்மாவுக்கு இனிச் செய்ய வேண்டியது, தெரிந்த பெயரும் தெரிந்த அளவும் உள்ள ஸ்டீராய்டுக்கு மாற்றி, அதைப் பல மாதங்களில் இறக்குவது. அதோடு, அவருடைய மூட்டு வலி என்ன நோய் என்பதை இப்போதாவது கண்டுபிடிக்க வேண்டும்; அந்த மாத்திரைகள் இரண்டு ஆண்டுகளாக அதை மறைத்து வைத்திருந்தன. இடுப்பு மடிப்பில் வலி இருந்தால் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதைகிறதா என்றும், நெடுநாள் இருமல் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பிரட்னிசலோனை ஈரலில் விரைவாகச் சிதைத்துவிடும் என்பதால் அப்போது அளவையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரட்னிசலோன் 5 மில்லிகிராமிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்கிறார் என் மாமியார். பல் பிடுங்கவும் வேண்டியிருக்கிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மாமியார் சொல்வது மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பொருந்தும்; காய்ச்சலும் தொற்றும் தீரும்வரை அதைத் தள்ளிவைப்பது வழக்கம். ஸ்டீராய்டுக்கு நேர்மாறு. காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரிய காயம் போன்ற நேரங்களில் ஆரோக்கியமான அட்ரினல் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கும். உங்களுடையது அதற்கு இன்னும் தயாராகவில்லை. எனவே 10 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுப்பவர்களைக் காய்ச்சல் தீரும்வரை காலை 5, மாலை 5 என்று எடுக்கச் சொல்வது பரவலான நடைமுறை. உங்கள் மருத்துவரிடம் இதை இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வந்த இரவில் தேட வேண்டாம். டெங்கு பரவும் காலமானால் வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு எதையும் போடாதீர்கள். பல் மருத்துவரிடம் மயக்க ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மாத்திரையை முழுதாக நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை இதே எச்சரிக்கை தேவை.

மாத்திரையைப் போட்ட அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் இன்னொன்று போடுங்கள். அதுவும் தங்காவிட்டால் மூன்றாவதை முயல வேண்டாம், ஊசிக்கு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய மாதம் ஆகிய மூன்றையும் எழுதிய அட்டை ஒன்று, நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் பிறர் கண்ணில் படுகிற இடத்தில், அடையாள அட்டையோடு சேர்ந்து இருக்கட்டும்.